கர்ப்பகால இரத்தச் சோதனை: 99 சதவீதத் துல்லியத்தின் பொருள்

கர்ப்பத்தின் பத்தாவது வாரம் ஆனதும் தாயின் கையிலிருந்து ஒரு சிறு குழாயளவு இரத்தம் எடுத்து, வயிற்றிலுள்ள கருவுக்கு டவுன் நோய்க்குறி முதலிய குரோமோசோம் பிறழ்வுகள் இருப்பதற்கான வாய்ப்பு கூடுதலா குறைவா என்று மதிப்பிடும் சோதனை, 2011இல் விற்பனைக்கு வந்தது முதல் உலகின் பல நாடுகளில் மகப்பேறு மருத்துவத்தின் வழக்கமான பகுதியாகிவிட்டது. மருத்துவமனைகளில் என்.ஐ.பி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தச் சோதனையைப் பற்றிய விளம்பரங்களில் 99 சதவீதத்துக்கும் மேலான துல்லியம் என்ற உறுதிமொழி பெரிய எழுத்தில் இடம்பெறுகிறது. அந்த எண் ஆய்வுகளின் அடிப்படையில் பெறப்பட்டதே. எனினும், கையில் அறிக்கையுடன் நிற்கும் தாய் அறிய விரும்புவது சோதனையின் பொதுவான திறமையை அன்று. தன் கருவைப் பற்றி அந்த அறிக்கை சொல்வது எந்த அளவுக்கு உண்மை என்பதைத்தான். இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகள். அவற்றின் விடைகளும் சில வேளைகளில் மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடுகின்றன. ஒரு கர்ப்பம் தொடர்வதா முடிவதா என்பது இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வதைப் பொறுத்திருக்கக்கூடும் என்பதால், துல்லியம் என்ற எண் எப்படிப் பிறக்கிறது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது அவசியமாகிறது.

குரோமோசோம் எண்ணிக்கை பிறழும்போது

மனிதச் செல் ஒவ்வொன்றிலும் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழைகள் 23 இணைகளாக, மொத்தம் 46 குரோமோசோம்களாகச் சுருண்டிருக்கின்றன என்பது 1956இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் பணியாற்றிய ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவன் ஆகிய இருவரால் உறுதியாயிற்று. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஓர் இணை சரிவரப் பிரியாமல் போனால், கருவின் செல்களில் ஒரு குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக அமைந்துவிடுகிறது. இந்நிலைக்கு டிரைசோமி என்று பெயர். 1866இல் ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் விவரித்த நோய்க்குறிக்குக் காரணம் மூன்றாவதாக ஒரு 21ஆம் குரோமோசோம் இருப்பதே என்பதை 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த்த கோத்தியே, ரேமோன் துர்ப்பான் ஆகியோர் வெளியிட்டனர். அதற்கடுத்த ஆண்டிலேயே 18ஆம் குரோமோசோம் மிகுவதால் வரும் எட்வர்ட்ஸ் நோய்க்குறியும், 13ஆம் குரோமோசோம் மிகுவதால் வரும் படாவ் நோய்க்குறியும் அடையாளம் காணப்பட்டன. பின்னிரண்டும் மிகக் கடுமையானவை. அவற்றுடன் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. டவுன் நோய்க்குறி உள்ளவர்களோ அறிவுவளர்ச்சியில் குறைபாடும் சில வேளை இதயக் குறைபாடும் கொண்டிருந்தாலும், நல்ல மருத்துவமும் கல்வியும் கிடைக்கும் நாடுகளில் இன்று சராசரியாக 60 வயது வரை வாழ்கிறார்கள்.

இப்பிறழ்வுகள் எவ்வளவு அரியவை என்பது பின்னர் வரும் கணக்குக்கு அடிப்படையாக அமைவதால் இங்கேயே மனத்தில் கொள்ளத்தக்கது. டவுன் நோய்க்குறியுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 30 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 900இல் ஒன்று. 35 வயதில் 350இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. எட்வர்ட்ஸ், படாவ் நோய்க்குறிகளும் தாயின் வயதோடு கூடுபவைதான் என்றாலும், எந்த வயதிலும் அவை டவுன் நோய்க்குறியைவிடப் பன்மடங்கு அரியவை. வயது முதிர்ந்த தாய்மார்க்கு வாய்ப்பு மிகுதி என்றாலும் பிரசவங்களில் பெரும்பாலானவை இளவயதினருடையவை. ஆகவே வயதை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பாதிப்புள்ள கருக்கள் பல கணக்கில் வராமலே போய்விடும். இதனால்தான் கர்ப்பிணிகள் அனைவரையும் எளிதாகச் சோதித்து, வாய்ப்பு மிகுந்தவர்களைப் பிரித்தெடுக்கும் வழியை மருத்துவம் தேடியது.

பழைய வழியும் அதன் குறையும்

மருத்துவர்கள் ஸ்கிரீனிங் என்று அழைக்கும் வடிகட்டல் சோதனையும், பிறழ்வு உண்டா இல்லையா என்று முடிவாகச் சொல்லும் உறுதிப்படுத்தும் சோதனையும் வெவ்வேறானவை. கருவைச் சூழ்ந்த பனிக்குட நீரை வயிற்றின் வழியே ஊசியால் எடுத்து, அதில் மிதக்கும் கருவின் செல்களை ஆராயும் ஆம்னியோசென்டெசிஸ் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 15ஆம் வாரத்துக்குப் பின் இது செய்யப்படுகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து சிறு திசுவை எடுத்து ஆராயும் சி.வி.எஸ். சோதனையும் உறுதிப்படுத்தும் சோதனையே. இதனை 11ஆம் வாரத்தை ஒட்டியே செய்ய முடியும். இவ்விரண்டிலும் கருவின் இருப்பிடத்துக்குள் ஊசி செல்வதால் கருச்சிதைவுக்கான சிறு ஆபத்து உண்டு. தேர்ந்த கைகளில் அது 200இல் ஒன்றுக்கும் குறைவே என்றாலும், அந்த ஆபத்தைக் கர்ப்பிணிகள் அனைவர் மீதும் சுமத்துவது பொருந்தாது.

எனவே 1980களிலிருந்து தாயின் இரத்தத்திலுள்ள சில புரதங்களையும் ஹார்மோன்களையும் அளந்து வாய்ப்பைக் கணிக்கும் முறைகள் வளர்ந்தன. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் பலருக்கும் அறிமுகமான டபுள் மார்க்கர் சோதனையில் 11 முதல் 13 வாரங்களுக்குள் இரண்டு பொருள்கள் அளக்கப்படுகின்றன. அதே காலத்தில் எடுக்கப்படும் என்.டி. ஸ்கேனில் கருவின் பிடரிக்குப் பின்னே தேங்கும் நீரின் தடிமன் அளக்கப்படுகிறது. இவற்றைத் தாயின் வயதோடு இணைத்துக் கணினி ஒரு விகிதத்தைத் தருகிறது. இம்முறை டவுன் நோய்க்குறியுள்ள கருக்களில் ஏறத்தாழ 80 முதல் 90 சதவீதத்தைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் அதற்கு விலையாக, பிறழ்வு ஏதுமில்லாத கருவைச் சுமக்கும் தாய்மார் 100 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு வீணாக எச்சரிக்கை விடுக்கிறது. எச்சரிக்கை பெற்றவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அச்சத்தோடு ஊசிச் சோதனைக்குச் சென்று, கரு நலமாக இருப்பதை அறிந்து திரும்புகிறார்கள்.

தாயின் இரத்தத்தில் கருவின் சுவடு

இந்நிலையை மாற்றியது 1997இல் வெளிவந்த ஒரு கண்டுபிடிப்பு. அப்போது ஆக்ஸ்போர்டில் பணியாற்றி, பின்னர் ஹாங்காங் சென்ற டென்னிஸ் லோவும் அவருடைய குழுவினரும், செல்களைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் தாயின் இரத்தத் தெளிநீரில் ஒய் குரோமோசோமுக்குரிய டி.என்.ஏ. துணுக்குகள் உள்ளனவா என்று தேடினர். பெண்ணின் உடலில் ஒய் குரோமோசோம் இருப்பதற்கில்லை. ஆகவே அத்துணுக்குகள் காணப்பட்டால் அவை ஆண் கருவிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆண் கருவைச் சுமந்த 30 பெண்களில் 24 பேரின் தெளிநீரில் அவை காணப்பட்டன. செல்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ. சிறு துணுக்குகளாக உடைந்து இரத்தத்தில் சிறிது நேரம் மிதக்கிறது. தாயின் செல்களிலிருந்து வரும் துணுக்குகளோடு கர்ப்பத்தின் துணுக்குகளும் கலந்திருக்கின்றன என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. பிரசவம் முடிந்ததும் அவை மணிக்கணக்கிலேயே தாயின் இரத்தத்திலிருந்து மறைந்துவிடுவதால், முந்தைய கர்ப்பத்தின் எச்சம் அடுத்த கர்ப்பத்தின் சோதனையைக் குழப்புவதில்லை.

இங்கே ஓர் உயிரியல் உண்மை முழுக் கட்டுரைக்கும் திறவுகோலாக அமைகிறது. கருவின் டி.என்.ஏ. என்று வழக்கில் சொல்லப்பட்டாலும், இத்துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் புறச்செல்கள் அழிவதால் வருபவை. நஞ்சுக்கொடியும் கருவும் ஒரே கருமுட்டையிலிருந்து தோன்றியவை என்பதால் இரண்டின் குரோமோசோம்களும் பொதுவாக ஒத்திருக்கும். ஆனால் எப்போதும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

துணுக்குகளைப் படித்து எண்ணும் வழி 2008இல் பிறந்தது. லோவின் குழுவினரும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக்கின் குழுவினரும் தனித்தனியே ஒரே கருத்தை எட்டினர். தெளிநீரிலுள்ள பல லட்சம் துணுக்குகளை இயந்திரத்தில் வாசித்து, ஒவ்வொன்றும் எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று பிரித்து எண்ணினால், 21ஆம் குரோமோசோமுக்குரிய துணுக்குகள் எதிர்பார்த்ததைவிடச் சற்று மிகுந்திருப்பது டிரைசோமியைக் காட்டிக்கொடுக்கும். கணக்கில் பார்த்தால் இந்த மிகுதி எவ்வளவு நுண்ணியது என்பது புலப்படும். தெளிநீரிலுள்ள துணுக்குகளில் கர்ப்பத்திலிருந்து வருபவை 10 சதவீதம் என்றும், கருவுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கிறது என்றும் கொண்டால், அக்குரோமோசோமின் துணுக்குகள் இயல்பைவிட வெறும் 5 சதவீதமே கூடுகின்றன. கருவின் பங்கு 4 சதவீதமாகச் சுருங்கினால் அந்தக் கூடுதலும் 2 சதவீதமாகிவிடுகிறது. அதற்கும் கீழே போனால் உண்மையான மிகுதியையும் தற்செயலான ஏற்ற இறக்கத்தையும் பிரித்தறிவது கடினம். பத்தாவது வாரத்துக்கு முன் சோதனை செய்யக் கூடாது என்பதற்கும், உடல் எடை மிகுந்த தாய்மார்க்குச் சில வேளை முடிவே கிடைக்காமல் போவதற்கும் இதுவே காரணம். எடை கூடும்போது தாயின் சொந்தத் துணுக்குகள் பெருகி, கருவின் பங்கைக் குறைத்துவிடுகின்றன.

துல்லியத்தின் இரு முகங்கள்

எந்தச் சோதனையின் திறமையையும் இரண்டு எண்களால் அளக்கிறார்கள். பிறழ்வுள்ள கருக்களில் எத்தனை சதவீதத்தைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கிறது என்பது கண்டறியும் திறன். பிறழ்வு இல்லாத கருக்களில் எத்தனை சதவீதத்தைத் தவறாகப் பிறழ்வுள்ளதென்று சொல்லிவிடுகிறது என்பது பொய் எச்சரிக்கை விகிதம். பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வின்படி, என்.ஐ.பி.டி.யின் கண்டறியும் திறன் டவுன் நோய்க்குறிக்கு 99.7 சதவீதம், எட்வர்ட்ஸ் நோய்க்குறிக்கு 97.9 சதவீதம், படாவ் நோய்க்குறிக்கு 99 சதவீதம். மூன்றுக்கும் பொய் எச்சரிக்கை விகிதம் தலா 0.04 சதவீதம், அதாவது 2,500 பேரில் ஒருவர். விளம்பரங்கள் முன்வைக்கும் 99 என்ற எண்ணுக்கு இத்தகைய ஆய்வுகளே ஆதாரம்.

பழைய முறையோடு இதனை நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2015இல் வெளியானது. இரு சோதனைகளையும் செய்துகொண்ட 15,841 பெண்களில் 38 பேரின் கருவுக்கு டவுன் நோய்க்குறி இருந்தது. என்.ஐ.பி.டி. அந்த 38 கருக்களையும் கண்டுபிடித்தது. பழைய முறை 30ஐ மட்டுமே கண்டுபிடித்தது. வீணான எச்சரிக்கையோ பழைய முறையில் 854 பேருக்குப் போனது. புதிய முறையில் 9 பேருக்கு மட்டுமே. மேலான வடிகட்டல் சோதனை எது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான தாய்மாரைத் தேவையற்ற ஊசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் காத்த சாதனையாகவே இதனை மதிக்க வேண்டும்.

அதே எண்களை மற்றொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். என்.ஐ.பி.டி.யின் எச்சரிக்கையைப் பெற்றவர்கள் 38ம் 9ம் சேர்ந்து 47 பேர்; அவர்களில் உண்மையிலேயே பிறழ்வுள்ள கருவைச் சுமந்தவர்கள் 38 பேர், அதாவது ஏறத்தாழ 81 சதவீதம். எச்சரிக்கை வந்தவர்களில் எத்தனை பேருக்கு அது மெய்யாகிறது என்ற இந்த அளவைப் புள்ளியியலில் நேர்மறை முன்கணிப்பு மதிப்பு என்பர். கண்டறியும் திறன் நூற்றுக்கு நூறாக இருந்த ஆய்விலேயே, எச்சரிக்கை பெற்ற ஐவரில் ஒருவரின் கரு நலமாக இருந்தது. அறிக்கையில் ஹை ரிஸ்க் என்ற சொல்லைக் கண்ட தாய்க்கு வேண்டிய எண் இதுதான். ஆனால் விளம்பரத்தின் 99 கண்ணுக்குப் படும் அளவுக்கு இது படுவதில்லை.

அரியதைத் தேடுவதன் கணக்கு

முன்கணிப்பு மதிப்பு சோதனையின் திறமையை மட்டும் பொறுத்ததன்று. தேடப்படும் நிலை எவ்வளவு அரிது என்பதையும் பொறுத்தது. 1763இல் தாமஸ் பேயஸின் மறைவுக்குப் பின் வெளியான கணிதத் தேற்றத்தின் சாரம் இதுவே. சதவீதங்களைவிட ஆட்களை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு 1,000இல் ஒன்றாக உள்ள இளம் தாய்மார் ஒரு லட்சம் பேர் சோதனை செய்துகொள்வதாகக் கொள்ளலாம். அவர்களில் 100 பேரின் கருவுக்குப் பிறழ்வு உண்டு, 99.7 சதவீதக் கண்டறியும் திறனால் ஏறக்குறைய அந்த 100 பேருக்கும் எச்சரிக்கை போய்ச் சேரும். மீதமுள்ள 99,900 பேரில் 0.04 சதவீதமான 40 பேருக்கும் பொய் எச்சரிக்கை போகும். மொத்தம் 140 எச்சரிக்கைகளில் மெய்யானவை 100. முன்கணிப்பு மதிப்பு 71 சதவீதம். இதே சோதனையை வாய்ப்பு 100இல் ஒன்றாக உள்ள 40 வயதுத் தாய்மார் ஒரு லட்சம் பேருக்குச் செய்தால் மெய் எச்சரிக்கைகள் 997 ஆகவும் பொய் எச்சரிக்கைகள் அதே 40 ஆகவும் இருப்பதால் முன்கணிப்பு மதிப்பு 96 சதவீதமாக உயர்கிறது. இயந்திரமும் அதே, ஆய்வகமும் அதே, 99.7 என்ற எண்ணும் அதே; எனினும் ஒரே சொல்லைத் தாங்கிய அறிக்கை இரு பெண்களுக்கு இரு வேறு உண்மைகளைச் சொல்கிறது.

நிலை அரிதாக அரிதாக இந்த இடைவெளி விரிகிறது. படாவ் நோய்க்குறியின் வாய்ப்பை 10,000இல் ஒன்று என்று கொண்டால், ஒரு லட்சம் பேரில் மெய் எச்சரிக்கைகள் 10, பொய் எச்சரிக்கைகள் 40; ஐந்து எச்சரிக்கைகளில் ஒன்றுதான் மெய். கண்டறியும் திறன் 99 சதவீதம் என்று சரியாகவே விளம்பரம் செய்யப்படும் ஒரு சோதனையின் எச்சரிக்கை, ஐந்தில் நான்கு முறை தவறாக இருக்க முடியும் என்பது முதல் பார்வையில் முரணாகத் தோன்றினாலும் கணக்கில் எந்த முரணும் இல்லை.

இந்த எண்கள் எந்நாட்டுக்கும் எந்த ஆய்வகத்துக்கும் மாறாதவை என்று கொள்ளலாகாது. பொய் எச்சரிக்கை விகிதம் 0.04இலிருந்து 0.02ஆகக் குறைந்தாலே முதல் எடுத்துக்காட்டின் முன்கணிப்பு மதிப்பு 71இலிருந்து 83ஆக உயர்ந்துவிடும். நெதர்லாந்து 2017 ஏப்ரலில் தன் நாட்டுக் கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையை ஓர் ஆய்வுத் திட்டமாக வழங்கத் தொடங்கியபோது, முதலாண்டில் சோதித்துக்கொண்ட 73,239 பேரிடம் பெறப்பட்ட முன்கணிப்பு மதிப்பு டவுன் நோய்க்குறிக்கு 96 சதவீதமாகவும் எட்வர்ட்ஸ் நோய்க்குறிக்கு 98 சதவீதமாகவும் இருந்தது. படாவ் நோய்க்குறிக்கோ 53 சதவீதமே. ஒரே தரக்கட்டுப்பாட்டின் கீழ் நன்கு நடத்தப்பட்ட தேசியத் திட்டத்திலேயே மிக அரிய பிறழ்வுக்கு எச்சரிக்கை பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது பொய்யாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

மற்றொரு பக்கத்தில், வாய்ப்பு குறைவு என்று வரும் அறிக்கை பெரிதும் நம்பத்தக்கது. ஒரு லட்சம் இளம் தாய்மாரில் டவுன் நோய்க்குறியைத் தவறவிடும் வாய்ப்பு ஒருவருக்கும் குறைவாகவே அமைகிறது. இச்சோதனையின் பெரும்பலம் இந்த ஆறுதலில்தான் இருக்கிறது. முற்றிலும் தவறாது என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே பின்னர் எடுக்கப்படும் ஸ்கேனில் ஐயத்துக்குரிய அடையாளம் எதுவும் தென்பட்டால் முந்தைய நல்ல அறிக்கையைக் காட்டி அதனைப் புறக்கணிக்கக் கூடாது.

பட்டியல் நீளும்போது

போட்டி மிகுந்த சந்தையில், மூன்று டிரைசோமிகளோடு நிற்காமல் பல ஆய்வகங்கள் தங்கள் பட்டியலை நீட்டின. குரோமோசோமின் ஒரு சிறு துண்டு மட்டும் விடுபட்டுப் போவதால் வரும் நுண்இழப்பு நிலைகள் அவற்றுள் முக்கியமானவை. அவற்றில் பல 20,000 பிறப்புகளில் ஒன்றோ அதற்கும் அரிதாகவோ காணப்படுபவை. அத்தகைய ஒரு நிலைக்குச் சோதனை ஒன்றைக்கூடத் தவறவிடாமல், பொய் எச்சரிக்கையையும் 0.04 சதவீதத்துக்குள் வைத்திருந்தால்கூட, ஒரு லட்சம் பேரில் மெய் எச்சரிக்கைகள் 5, பொய் எச்சரிக்கைகள் 40 என்றாகி, ஒன்பதில் ஒன்றே மெய்யாகும். பல நிலைகளுக்கான சோதனைகளை ஒன்றாகச் சேர்க்கும்போது பொய் எச்சரிக்கைகளும் ஒன்றோடொன்று கூடிக்கொண்டே போகின்றன.

2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அமெரிக்காவில் விற்கப்படும் இத்தகைய சோதனைகளை ஆராய்ந்து, அரிய நுண்இழப்புகளுக்கான எச்சரிக்கைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தவறானவை என்று எழுதியது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இவை வடிகட்டல் சோதனைகளே என்றும், இவற்றை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைப் பற்றிய முடிவை எடுக்கக் கூடாது என்றும், உறுதிப்படுத்தும் சோதனை செய்யாமல் கர்ப்பத்தை முடித்துக்கொண்டவர்களும் உள்ளனர் என்றும் பொது எச்சரிக்கை வெளியிட்டது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2020இல் வயது வேறுபாடின்றி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் குரோமோசோம் எண்ணிக்கைப் பிறழ்வுகளுக்காக இச்சோதனையை முன்வைக்கலாம் என்று பரிந்துரைத்தபோதும், நுண்இழப்புகளுக்கு அதனைப் பரிந்துரைக்கவில்லை. பட்டியலில் எத்தனை நிலைகள் உள்ளன என்பதைச் சோதனையின் தரத்துக்கு அளவுகோலாகக் கொள்வது பெரும் பிழை.

தவறு எங்கிருந்து வருகிறது

பொய் எச்சரிக்கைகளில் பல, ஆய்வகத்தின் கவனக்குறைவால் வருபவை அல்ல. இயந்திரம் கண்ட மிகுதி உண்மையாகவே இரத்தத்தில் இருக்கும், ஆனால் அது கருவினுடையதாக இராது. முதற்காரணம் நஞ்சுக்கொடிக்குள் மட்டும் நிற்கும் பிறழ்வு. நஞ்சுக்கொடித் திசுவை ஆராயும் சோதனைகளில் 1 முதல் 2 சதவீதத்தில், சில செல்களில் பிறழ்வும் சில செல்களில் இயல்பும் கலந்திருப்பது காணப்படுகிறது; அவற்றுள் பெரும்பாலானவற்றில் கரு நலமாகவே இருக்கிறது. துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருவதால், அதன் பிறழ்வு கருவின் பிறழ்வாக அறிக்கையில் பதிவாகிவிடுகிறது. மிக அரிதாக இதன் மறுதலையும் நிகழ்ந்து, கருவில் பிறழ்வு இருக்க நஞ்சுக்கொடி இயல்பாக இருந்து சோதனை அதனைத் தவறவிடுகிறது.

இரட்டைக் கர்ப்பமாகத் தொடங்கி, ஒரு கரு தொடக்கத்திலேயே வளர்ச்சி நின்று மறைந்துபோனால், மறைந்த கருவின் துணுக்குகள் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கிக் குழப்பம் விளைவிக்கலாம். தாயின் சொந்தக் குரோமோசோம்களும் காரணமாகலாம். வயது கூடும்போது பெண்களின் சில இரத்தச் செல்கள் ஓர் எக்ஸ் குரோமோசோமை இழப்பது இயல்பு. இதனால், ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டும் இருப்பதால் வரும் டர்னர் நோய்க்குறி போன்ற நிலைகளுக்குச் சோதனையின் நம்பகம் குறைகிறது.

எல்லாவற்றிலும் எதிர்பாராத காரணம் தாய்க்கே தெரியாமல் அவர் உடலில் வளரும் புற்றுநோய். புற்றுச் செல்களின் குரோமோசோம்கள் தாறுமாறாகச் சிதைந்திருப்பதால், அவை இரத்தத்தில் விடும் துணுக்குகள் ஒரே நேரத்தில் பல குரோமோசோம்களில் மிகுதியும் குறைவும் இருப்பதாகக் காட்டுகின்றன. 2015இல் வெளியான ஆய்வொன்றில் 1,25,426 மாதிரிகளுள் பிறழ்வு காட்டிய 3,757இல் 10 தாய்மாருக்குப் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் இத்தகைய விசித்திரமான முடிவுகளைப் பெற்ற 107 பெண்களை முழுமையாகப் பரிசோதித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில் 52 பேருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. பல குரோமோசோம்களில் ஒருங்கே குழப்பம் காட்டும் அறிக்கையைத் தவறான சோதனை என்று ஒதுக்கிவிடாமல் தாயையும் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த படிப்பினை.

முடிவு கிடைக்கவில்லை என்று வரும் அறிக்கையும் பொருளற்றதன்று. மேற்கூறிய 15,841 பெண்களின் ஆய்வில், முடிவு பெற இயலாதவர்களிடையே குரோமோசோம் பிறழ்வு 2.7 சதவீதமாக இருந்தது; ஆய்வில் பங்கேற்ற அனைவரிடமும் அது 0.4 சதவீதம் மட்டுமே. ஆகவே முடிவு வராதபோது மருத்துவரைக் கலந்து ஸ்கேன், மறுசோதனை, உறுதிப்படுத்தும் சோதனை ஆகியவற்றுள் எது பொருந்தும் என்று தீர்மானிப்பது நன்று.

அறிக்கைக்குப் பின் செய்ய வேண்டியவை

எச்சரிக்கை வந்தால் அடுத்த படி உறுதிப்படுத்தும் சோதனையே. அதே இரத்தச் சோதனையை வேறோர் ஆய்வகத்தில் மீண்டும் செய்வது அதற்கு ஈடாகாது, ஏனெனில் நஞ்சுக்கொடியின் பிறழ்வால் வந்த தவறை இரண்டாவது ஆய்வகமும் அப்படியே திருப்பிச் சொல்லும். முதற்படியாகத் தேர்ந்த மருத்துவரின் ஸ்கேன் உதவும். இதயம், மூளை, கைகால் ஆகியவற்றில் பிறழ்வின் அடையாளங்கள் உள்ளனவா என்று அது காட்டும். சி.வி.எஸ். விரைவில் செய்யத்தக்கது என்றாலும் அதுவும் நஞ்சுக்கொடியையே ஆராய்வதால், ஸ்கேனில் கரு இயல்பாகத் தோன்றும்போது 15ஆம் வாரம் வரை காத்திருந்து கருவின் சொந்தச் செல்களை ஆராயும் ஆம்னியோசென்டெசிஸ் செய்வதைப் பல வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். விரைவு முறைகளில் சில நாள்களிலும், குரோமோசோம்களை நுண்ணோக்கியில் வரிசைப்படுத்திப் பார்க்கும் காரியோடைப் முறையில் இரண்டு வாரமளவிலும் முடிவு கிடைக்கும். டவுன் நோய்க்குறிகளில் 3 முதல் 4 சதவீதம் ஒரு குரோமோசோம் மற்றொன்றோடு ஒட்டிக்கொள்வதால் வருவதாலும், அது பெற்றோர் வழியாக அடுத்த கர்ப்பத்திலும் தொடரக்கூடியதாலும், காரியோடைப் முடிவு எதிர்காலத்துக்கும் பயன்படும்.

இச்சோதனை பார்க்காதவற்றையும் அறிந்திருக்க வேண்டும். முதுகுத்தண்டுக் குறைபாடுகள், இதயக் குறைபாடுகளில் பெரும்பாலானவை, தலசீமியா போன்ற ஒற்றை மரபணு நோய்கள் ஆகியவை வழக்கமான என்.ஐ.பி.டி.யின் எல்லைக்கு வெளியே உள்ளவை. எனவே அது நல்ல அறிக்கை தந்தாலும் 18 முதல் 20 வாரங்களில் எடுக்கப்படும் அனாமலி ஸ்கேனைத் தவிர்க்கலாகாது.

இந்தியாவில் இச்சோதனைக்குச் சட்டத்தின் பரிமாணமும் உண்டு. தாயின் இரத்தத்திலுள்ள ஒய் குரோமோசோம் துணுக்குகளைக் கொண்டே இத்துறை தொடங்கியது என்பதால் கருவின் பாலினம் இச்சோதனைக்கு மறைவானதன்று; ஆனால் பாலினத்தை வெளிப்படுத்துவது 1994ஆம் ஆண்டின் கருத்தரிப்புக்கு முந்தைய மற்றும் மகப்பேற்றுக்கு முந்தைய கண்டறிதல் நுட்பங்கள் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். கர்ப்பத்தை முடிப்பதற்கான கால வரம்பு சில வகையினருக்கு 2021இல் 24 வாரமாக நீட்டப்பட்டது. கருவுக்குக் கடுமையான குறைபாடு உண்டென்று மருத்துவக் குழு உறுதிசெய்தால் அவ்வரம்பும் பொருந்தாது. உறுதிப்படுத்தும் சோதனைக்குச் சில வாரங்கள் செலவிடுவதால் வழிகள் அனைத்தும் அடைபட்டுவிடும் என்ற அச்சத்துக்கு இதனால் இடமில்லை.

இவையெல்லாம் சேர்ந்து சொல்வது ஒன்றே. என்.ஐ.பி.டி. இதுவரை கண்டவற்றுள் மிகச் சிறந்த வடிகட்டல் சோதனை. ஆனால் வடிகட்டல் சோதனையைத் தாண்டி அது எதுவுமில்லை. ஆய்வகங்கள் கண்டறியும் திறனை மட்டும் பெரிதாக அச்சிடுவதை நிறுத்தி, அந்தத் தாயின் வயதுக்கும் அந்த நிலைக்கும் உரிய முன்கணிப்பு மதிப்பை ஒவ்வோர் அறிக்கையிலும் முதல் வரியில் தர வேண்டும். மருத்துவர்கள் இரத்தம் எடுப்பதற்கு முன்பே அதனை விளக்க வேண்டும். எச்சரிக்கை வந்த குடும்பத்துக்கு அந்நிலையுடன் வாழும் மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றிய சரியான செய்திகளையும் சேர்த்துத் தர வேண்டும். அதன்பின் எந்த முடிவை எடுப்பது என்பது அந்தத் தாயின், அந்தக் குடும்பத்தின் உரிமை. ஆனால் உறுதிப்படுத்தும் சோதனையின் முடிவு கைக்கு வரும்வரை, இரத்தச் சோதனை அறிக்கை ஒன்றை மட்டும் நம்பி எந்தக் கர்ப்பத்தையும் முடித்துவிடக் கூடாது.